பழங்காநத்தம் தரம்

கோஷ்டிகான வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டவர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேருக்குப் பாடத் தெரியும். பதினோராவது ஆள் மரக்கடையில் ரம்பம் இழுக்கிறவர். வேலை அவருக்குத்தான் கிடைக்கும் என்று வராந்தாவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஏனென்றால் உள்ளே போன யாரையும் பாடச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி வலது கையை நீட்டச் சொன்னார்களாம்.

இது நடந்தது 1934ஆம் வருஷம். சிம்மக்கல்லில் ஒரு மாடிக் கட்டடத்தில் 'மதுரைச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடக் கோஷ்டிகான அபிவிருத்தி போர்டு' என்று ஒன்று இயங்கிவந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே குரலில் பாடப் பழகினால் தேசத்தில் ஒழுங்கு உண்டாகும் என்பது அதன் கொள்கை. போர்டின் தலைவர் ஒரு ராவ் சாகிப். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கும் பிடிக்காது.

ராவ் சாகிப் தன் ஆயுளில் ஒரு கோஷ்டிகானத்தையும் காதால் கேட்டதில்லை. படம் பார்த்திருக்கிறார். சீமைப் பத்திரிகையில் இருந்து கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். வெள்ளை அங்கி போட்ட முப்பது வெள்ளைக்காரப் பையன்கள் வாயைப் பிளந்து கண்ணை மேலே செருகிக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே ஒருவர் குச்சியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். பையன்கள் ஏன் வாயைப் பிளக்கிறார்கள் என்று ராவ் சாகிப் இரண்டு மாதம் யோசித்தார். அப்புறம் குச்சியைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. 'பயமே சுருதி' என்று அன்றைக்குச் சொன்ன வாக்கியத்தைத்தான் போர்டு தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது.

மனுப் போட்டவர்களில் தவசி ஒன்பதாவதாக நின்றான். எட்டு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவன். பதினெட்டு வருஷம் பின்பாட்டுப் பாடினான். ஆள் குறைந்த நாளில் திரைக் கயிறும் இழுத்தான். பேசும் படம் வந்தது, கம்பெனி கலைந்தது. மனைவி முத்துத்தாயை மாமனார் செக்கானூரணிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். "நிரந்தர உத்தரவோட வாங்க மாப்ள. அன்னைக்கே பொண்ணக் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லியிருந்தார். அவள் அப்போது ஐந்து மாதம்.

தவசியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்பெனியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் தாளம் தப்பினால் காதோடு சேர்த்து அறைவார். தவசிக்கு இடது காது பாதிதான் கேட்கும். தன் கையால் ஒரு பிள்ளையை அடிப்பதில்லை என்று அவன் வைராக்கியம் வைத்திருந்தான். இப்படிப்பட்டவன் இந்த வேலைக்கு வந்தானே என்றால், அவன் பாட்டு வாத்தியார் வேலை என்று நினைத்து வந்தான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உள்ளே ஒரு டாக்டர் அவன் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். மணிக்கட்டைத் திருகினார். ஒரு தலையணையைக் காட்டி அடிக்கச் சொன்னார். திரைக் கயிறு இழுத்த கை அது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது.

"நல்ல சாரீரம்" என்றார் ராவ் சாகிப்.

"ஐயா, நான் இன்னும் பாடலைங்களே" என்றான் தவசி.

"பாடவேண்டியது பையன்கள். நீர் ஏன் பாடுகிறீர்?"

அறையில் இருந்த மூன்று மெம்பர்களும் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலமே பழங்காநத்தம் போர்டு பள்ளிக்கு அவனைத் தற்காலிகமாக நியமித்து உத்தரவு போட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் பள்ளி 'திருப்திகரம்' என்று பெயர் எடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். உக்கிராண அறைக்காரர் ஒரு பிரம்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"ஆர்மோனியம் எப்பண்ணே தருவீக?" என்று தவசி அவரிடம் கேட்டான்.

"அதெல்லாம் இங்க கெடையாது."

"அப்ப பாட்டுப் புஸ்தகம்?"

"பாட்டு பரிசீலனையில இருக்கு. மூணு வருஷமா இருக்கு. வந்ததும் சொல்லி விடுவாக. அதுவரைக்கும் வாயத் தெறக்கப் பழக்குங்க."

பழங்காநத்தம் அப்போது ஊருக்கு வெளியே, வயலும் கிணறுமாக இருந்த இடம். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். கோஷ்டியில் நாற்பது பையன்கள். உழுகிற வீட்டுப் பிள்ளைகள் பாதி, நெசவுக்காரர், வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதி. தவசி உள்ளே நுழைந்ததும் நாற்பது பேரும் வாயைத் திறந்து, வலது உள்ளங்கையை நீட்டினார்கள். போன வாத்தியார் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார். தவசி பிரம்பைப் பீரோவின் மேல் போட்டான். கையை மடக்கச் சொன்னான். தன் நாடகக் காலத்து மெட்டு ஒன்றை மெல்ல முனகிக்காட்டினான். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கம்மாள் மகன் காசிமாயன்தான் முதலில் கேட்டான்.

"வாத்தியாரே, நீங்க எப்ப ஆரம்பிப்பீக?"

"ஆரம்பிச்சுட்டேன்டா. இதுதான் பாட்டு."

பையன்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நன்றாகவே பாடினார்கள் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வயலில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம். பத்தாவது நாள் தலைமை வாத்தியார் ஓடிவந்து, அனுமதி இல்லாத பாட்டு பள்ளிக்குள் கேட்கிறது என்று மேலே எழுதவேண்டி வரும் என்றார். அதோடு பாட்டு நின்றது.

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் வருகிற தேதியும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே பரீட்சை முறையும் தெரிந்தது. மொத்தம் நூறு மார்க்கு. வாய்க்கு முப்பது. போர்டு எலுமிச்சம்பழம் ஒன்று உண்டு. அது பல்லில் படாமல் பையன் வாய்க்குள் போய்வர வேண்டும். மீதி எழுபது உள்ளங்கைக்கு. உள்ளங்கை எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவு பயிற்சி நடந்திருக்கிறது என்று அர்த்தம். கை வெளுப்பாக இருந்தால் வாத்தியார் பாடமே எடுக்கவில்லை. வேலை போய்விடும்.

தவசி அன்று பள்ளி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பீரோவின் மேல் இருந்த பிரம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிரில் மாஸ்டர் சேக் இஸ்மாயில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஜெர்மன் சண்டையில் பாஸ்ரா வரைக்கும் போய்த் துருக்கிக்காரர்களைச் சுட்டவர். பள்ளிக்கூடத்தில் கையை ஓங்காத ஆள் அவர் ஒருவர்தான்.

"என்ன தவசி, அடிக்கிறதா முடிவு பண்ணிட்டியா?"

"வேற வழி தெரியலண்ணே. ஆளுக்கு ஆறு அடி. கண்ண மூடிட்டு அடிச்சா முடிஞ்சிரும்."

"நான் கண்ண மூடிட்டுத்தேன் சுட்டேன். அது முடியாது தம்பி. இன்னைக்கு வரைக்கும் முடியல." சேக் இஸ்மாயில் அவன் கையில் இருந்த பிரம்பை வாங்கிப் பழையபடி பீரோவின் மேல் வைத்தார். "சிவப்புத்தானே வேணும்? எங்க வீட்டுல சொல்லிப் பாக்குறேன்."

அவர் வீட்டில் என்றால் மைதீன் பீவி. அந்தத் தெருவில் எந்த நிக்காஹ் என்றாலும் பெண்ணுக்கு மருதாணி வைக்கிற கை அவளுடையது. விஷயத்தைக் கேட்டதும் அவள் அம்மியைக் கழுவினாள். மருதாணி இலையோடு கொட்டைப்பாக்கும் எலுமிச்சம்பழமும் சேர்த்து அரைத்து மறுநாள் காலையில் ஒரு சட்டி நிறையக் கொடுத்து அனுப்பினாள். பூவும் புள்ளியும் வைக்கக்கூடாது, ஈர்க்குச்சியால் குறுக்கே கோடு கோடாகத்தான் இழுக்கவேண்டும், பிரம்புத் தழும்பு அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்பது பையன்களும் கோடு வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை கையை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை வாத்தியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, இப்போதுதான் வகுப்பு வகுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கழுவியபோது கை ஒவ்வொன்றும் கொவ்வைப்பழ நிறத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் காசிமாயனின் அம்மா ராக்கம்மாள் பன்னருவாளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"எவன்டா எம்மகன் கையக் கிழிச்சவன்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தவசி தூணுக்கு அந்தப் பக்கம் குதித்ததால் அருவாள் தூணில் பாய்ந்தது. இழுத்து எடுத்துக்கொண்டு மறுபடியும் வீசினாள். மேஜை மூலை தெறித்தது. தலைமை வாத்தியார் மேஜைக்கு அடியில் இருந்ததால் தவசியால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. மூன்றாவது வீச்சு அவன் முண்டாசைச் சீவிக்கொண்டு போனது. சேக் இஸ்மாயில் பின்பக்கமாக வந்து அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில்தான் இறக்கினார். அங்கே மைதீன் பீவி அம்மியைக் காட்டினாள். ராக்கம்மாள், பின்னாலேயே ஓடிவந்த மகனின் கையை மோந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்களாம்.

மறுநாள் காலையில் அவள் ஒரு கூடை மருதாணி இலையைக் கொண்டுவந்து தவசியிடம் வைத்தாள். "எங்க வேலி பூரா கெடக்கு. எம்புட்டு வேணுமோ கேளு. நேத்துக் கழுத்துல எறங்கியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

அன்றைக்கே பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எலுமிச்சம்பழத்தை வெள்ளிச் செப்பில் வைத்துப் பியூன் தூக்கிக்கொண்டு வந்தான். ஆறு பள்ளிக்கூடத்து வாய்களுக்குள் போய்வந்த பழம் அது. போன வாரம் ஒரு பையன் அதை விழுங்கி மூச்சு நின்று நீலம் பாரித்துப் போனான் என்றும், முதுகில் குத்திப் பழத்தைச் சேதமில்லாமல் மீட்டார்கள் என்றும் இன்ஸ்பெக்டரே சொன்னார். பையன் என்ன ஆனான் என்று அவர் சொல்லவில்லை.

வாய்ப் பரீட்சை முடிந்து கையைப் பார்த்தார். முதல் கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டாவது கை, மூன்றாவது கை என்று நாற்பதையும் பார்த்தார். அவர் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள், மருதாணி வைத்துக்கொள்கிறவர்கள்தான். அந்த வாசனையும் வகுப்பில் நிறைந்திருந்தது. ஆனால் உள்ளங்கைச் சிவப்புக்குப் பிரம்புதான் காரணம் என்று சர்க்குலரில் இருக்கிறது. மருதாணி என்ற வார்த்தையே அதில் கிடையாது.

"வாத்தியாரே, நான் இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு பையனுடைய தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்க்க முடியாது. கையைப் பார்க்க முடியும். பார்க்க முடிந்ததைத்தான் நாம் பரீட்சிக்க வேண்டும். இதுதான் நிர்வாகம். நீர் நன்றாக நிர்வாகம் செய்திருக்கிறீர்."

நூற்றுக்கு நூறு போட்டார். அதோடு போயிருந்தால் கதையே இல்லை. பதினைந்து நாள் கழித்து, தகவல் சொல்லாமல் மறுபடியும் வந்து நின்றார். நல்ல அடி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துகொள்ள வந்தாராம். மைதீன் பீவியின் மருதாணி அவ்வளவு சீக்கிரம் போகாது. நாற்பது கையும் சிவப்பாகவே இருந்தது. இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே சிம்மக்கல்லுக்குப் போனார். ராவ் சாகிப் அன்றைக்கே ஒரு சர்க்குலர் போட்டார்.

'பழங்காநத்தம் பள்ளியில் ஒரு நாள் கொடுத்த பயிற்சியின் பலன் பதினைந்து நாள் குறையாமல் நிற்கக் காண்கிறோம். ஏனைய பள்ளிகளில் மறுநாளே மறைந்துவிடுகிறது. இது ஏனைய வாத்தியார்களின் அசிரத்தையைக் காட்டுகிறது. இனி பழங்காநத்தம் தரமே குறைந்தபட்சத் தரம். எட்டாதவர்கள் நீக்கப்படுவார்கள்.'

சுற்றுவட்டாரத்தில் தவசியைத் தவிர மொத்தம் அறுபத்திரண்டு கோஷ்டிகான வாத்தியார்கள். அறுபத்திரண்டு பேருக்கும் குடும்பம் இருந்தது. அவர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். பழைய அடி ஒரு நாள்தான் நின்றது என்பதால் இரண்டு மடங்கு அடித்தார்கள். அப்புறம் நாலு மடங்கு. பிரம்பை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார் ஒருவர். நுனியில் கம்பி சுற்றினார் இன்னொருவர். ஒரு வாத்தியார் அடித்த வேகத்தில் தன் தோள்பட்டையை விலக்கிக்கொண்டார். அவருக்கு போர்டு ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. பையன்கள் சிலேட்டைப் பிடிக்க முடியாமல் கீழே போடுகிறார்கள் என்று ஒரு டாக்டர் போர்டுக்கு எழுதினார். கோஷ்டிகானத்துக்குச் சிலேட்டு அவசியமில்லை என்று பதில் போனது. இதெல்லாம் போர்டின் முன்னேற்ற அறிக்கையில் அச்சாகி வந்தது. மேல் அட்டையில் தவசியின் புகைப்படம் இருந்தது.

அந்த அறிக்கையை வாங்க சிம்மக்கல்லுக்குப் போன அன்றுதான் தவசிக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. போர்டு கட்டடத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு பள்ளிக்கூடம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பதினைந்து இருபது பையன்கள் கையைத் தண்ணீரில் விட்டபடி நின்றார்கள். தொட்டித் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. அந்தப் பள்ளியின் கோஷ்டிகான வாத்தியார் ஜெயக்கொடி தவசியை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போங்க. நீங்க எப்படி அடிக்கிறீக? நானும் ரத்தம் வர அடிச்சுப் பாத்துட்டேன். மறுநா நீலமாகுது, அப்புறம் கருப்பாகுது. செவப்பு நிக்கவே மாட்டேங்குது. எனக்கும் மூணு புள்ளைக இருக்குண்ணே."

தவசியின் நாக்கு நுனியில் மருதாணி நின்றது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அது சந்து தாண்டி எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடும். தன் நாற்பது பையன்களுக்கு வேறு வாத்தியார் வருவார். சேக் இஸ்மாயிலுக்கு வேலை போகும். முத்துத்தாய்க்கு அது ஒன்பதாவது மாதம்.

"பழக்கந்தேன்" என்று மட்டும் சொன்னான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அந்த இடத்தில் அவனைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தலாம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

வருஷ முடிவில் போர்டு மகாநாடு கூட்டியது. பந்தல் போட்டார்கள். அறுபத்திரண்டு வாத்தியார்களும் பிரம்போடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ராவ் சாகிப் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"நண்பர்களே, சங்கீதம் தெரிந்தவர்களால் சங்கீதத்துக்கு என்றைக்குமே நன்மை உண்டானதில்லை. அவர்கள் ஆளுக்கு ஒரு ராகம் என்பார்கள். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. அதனால்தான் என்னால் நடுநிலையாக இருக்க முடிகிறது. நாம் தொடங்கி நாலு வருஷமாகிறது. இதுவரை ஒரு பள்ளியில்கூட ஒரு பாட்டுக்கூடத் தப்பாகப் பாடப்படவில்லை. இந்தப் பெருமை வேறு எந்த போர்டுக்கு உண்டு?"

வாத்தியார்கள் பிரம்பால் பெஞ்சைத் தட்டி ஆமோதித்தார்கள். அடுத்து, பழங்காநத்தம் தரத்தைத் தவசி நேரில் செய்து காட்டுவார் என்று அறிவித்தார்கள். செய்து காட்டியதும் மேடையிலேயே நிரந்தர உத்தரவு. அது தயாராக மேஜைமேல் இருந்தது. ராவ் சாகிப் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பயிற்சி கொடுக்க ஒரு பையன் வேண்டுமே என்று, மார்க்கு ஆகக் குறைந்த பள்ளியில் இருந்து ஒருவனைக் கூட்டிவந்திருந்தார்கள். ஜெயக்கொடி வாத்தியாரின் மாணவன். பெயர் பேயாண்டி, பத்து வயது.

தவசி பிரம்போடு எதிரே போய் நின்றான். பேயாண்டி வாயைத் திறந்து வலது கையை நீட்டினான். உள்ளங்கை கறுத்து வீங்கி இருந்தது. சுண்டு விரலும் அதை அடுத்த இரண்டு விரலும் நிமிரவில்லை. பையன் இடது கையால் அவற்றைப் பிடித்து நிமிர்த்திக் காட்டினான்.

"நிமிந்துரும் வாத்தியாரே. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாப் போதும்" என்றான் மெதுவாக. "நீங்க அடிச்சா ஒரே அடில செவந்துருமாம்ல? எங்க வாத்தியார் சொன்னாரு. ஒரே அடின்னா தாங்கிக்கிருவேன்."

தவசி பிரம்பைக் கீழே போட்டான்.

"ஐயா, நான் ஒரு பிள்ளையக்கூட அடிச்சதில்ல" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். நாடகக் கம்பெனியில் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் போனது. "அது மருதாணிங்கய்யா. நாற்பது கையிலயும் நாந்தேன் வச்சு விட்டேன்."

பின் வரிசையில் இருந்து சேக் இஸ்மாயிலும் எழுந்தார். "எங்க வீட்டுல அரைச்ச மருதாணி. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

மேடையில் மெம்பர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டு தடவை இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ராவ் சாகிப் சர்க்குலர் போட்டிருக்கிறார், அறிக்கை அச்சாகிவிட்டது. மூன்றும் தப்பாக இருக்க முடியாது என்று தீர்மானம் ஆனது. "மிஸ்டர் தவசி அடக்கம் காரணமாக அப்படிச் சொல்கிறார்" என்று ராவ் சாகிப் விளக்கினார். யாராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் ஜெயக்கொடி எழுந்து நின்றிருந்தார்.

"மருதாணின்னா, அப்ப நான் அடிச்சது எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தவர், கம்பி சுற்றியவர், தோள்பட்டை விலகியவர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பள்ளிக்கூடத்துக் கைகளை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு பேரில் அதைத் தாங்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

"பொய் சொல்றான்" என்றார் ஜெயக்கொடி.

"அடிச்சவன்தான். அடிச்சுட்டு இப்ப நம்மளக் கெட்டவனாக்குறான்" என்றார் இன்னொருவர்.

முதல் அடி ஜெயக்கொடியின் பிரம்பு. தவசியின் கழுத்தில் விழுந்தது. அப்புறம் எல்லாரும் மேடை ஏறிவிட்டார்கள். சேக் இஸ்மாயில் குறுக்கே விழுந்தார். அவர் முழங்கை ஒடிந்த சத்தம் மேடையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவரை இழுத்துப் போட்டுவிட்டுத் தவசியை மல்லாத்தினார்கள். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். முதலில் கண்டபடிதான் அடித்தார்கள். அப்புறம் பழக்கதோஷத்தில் எல்லாப் பிரம்பும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழ ஆரம்பித்தன. "அடிச்சேன்னு சொல்லு, அடிச்சேன்னு சொல்லு" என்று ஒரே குரலில் கேட்டார்கள். போர்டு தொடங்கிய நாளில் இருந்து இப்படி ஓர் ஒற்றுமையைப் பார்த்ததில்லை என்று ராவ் சாகிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

தவசி நெடுநேரம் "மருதாணி" என்றுதான் சொன்னான். உதடு கிழிந்தது. இரண்டு பல் போனது. கேட்கிற காதின்மேல் ஓர் அடி விழுந்து, அந்தக் காதும் அடைத்துப்போனது. அடிக்கிறவர்களில் சிலர் அழுதுகொண்டே அடித்தார்கள். சொல்லித் தொலை என்று கெஞ்சவும் செய்தார்கள். முப்பத்தெட்டாவது தடவை பிரம்புகள் எழுந்தபோது தவசி வாயைத் திறந்தான்.

"அடிச்சேன்" என்றான். "நாற்பது பேரையும் அடிச்சேன்."

உடனே எல்லாம் அடங்கிவிட்டது. அறுபத்திரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். ஜெயக்கொடி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயில் ஊற்றினார். ஒருவர் தன் துண்டால் ரத்தத்தைத் துடைத்தார். ஒருவர் முண்டாசைத் தேடி எடுத்து வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அண்ணே" என்று அன்பாகக் கடிந்துகொண்டார்கள். ராவ் சாகிப் எழுந்துவந்து நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டு, மடித்து, அவன் சட்டைப் பையில் செருகினார். மகாநாட்டுக் குறிப்பில், 'திரு. தவசி பழங்காநத்தம் தரத்தை விளக்கிக் காட்டினார். சபையோர் உற்சாகமாகக் கலந்துகொண்டனர்' என்று எழுதிக்கொண்டார்கள். சேக் இஸ்மாயிலை இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிப் போனார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்கள்.

தவசி மேடையில் கிடந்தான். பந்தல் காலி. பேயாண்டி மட்டும் இன்னும் அதே இடத்தில் நின்றான். கையை இறக்கலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டுச் சத்தம் கேட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தான். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு தவசியின் பக்கத்தில் குந்தினான். காது கேட்காது என்று தெரிந்து கிட்டத்தில் குனிந்தான்.

"வாத்தியாரே, மருதாணிங்கிறது நெசமா?"

தவசி தலையை அசைத்தான். நிஜம்தான்.

"ஒங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்குமா?"

அதற்கும் அசைத்தான்.

பேயாண்டி தன் கையைத் திருப்பிப் பார்த்தான். நிமிராத விரல்களை ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை. விலாசம் கேட்பவன் மாதிரித்தான் கேட்டான்.

"அப்ப எனக்கும் வச்சு விட்டிருக்கலாம்ல?"